லிக்விட் டேமேஜ் எல்லாம் இந்தப் பக்கம்

என் போனுக்குள் தண்ணீர் போயிருக்கிறதாம். சொன்னது யார் தெரியுமா? மேற்குத் தாம்பரத்தில் மாடிப்படி ஏறிப் போகிற அந்த சர்வீஸ் சென்டரில், கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஜீவிதா என்ற பெண். என் மகள் வயதுதான் இருக்கும். சிரித்த முகம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"சார், லிக்விட் டேமேஜ். வாரண்டி வராது சார்."

"தண்ணியே படலையேம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க."

இந்த வசனம் எனக்குப் புதிதல்ல. என் பெயர் தனசிங். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை ஓடுகிற மின்சார ரயில்களில் இதே வசனத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பர்ஸ் தொலைந்துவிட்டது, பாஸ் இன்னொரு சட்டையில் இருக்கிறது, பாட்டி செத்துவிட்டாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நான் ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். டிக்கெட் எடுக்காமல் வித்தவுட்டில் வருகிறவன் என் கறுப்புக் கோட்டைக் கண்டதும் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான். வெளியே ஒரு சுண்ணாம்பு உதிர்ந்த காம்பவுண்டுச் சுவர்தான் இருக்கும். அதை ஏதோ தாஜ்மகாலைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். அந்தப் பார்வை ஒன்று போதும் எனக்கு. என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒருவனும் இறங்கிப் போனதில்லை. அப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்து, நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் பொய் சொல்கிறாய் என்கிறாள். எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வந்தது.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அட்ரஸ் முடிச்சூரா சார்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அங்கெல்லாம் தண்ணி வருமே சார்."

"ஏம்மா, வெள்ளம் வந்தது ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல. இந்த போன் வீட்டுக்கு வந்தே ஒரு மாசம் ஆகல!"

"அதான் சார். ஏரியாவே ஈரம் ஜாஸ்தி."

பக்கத்தில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவி ஞானசௌந்தரி என் கையைத் தட்டினாள். "விடுங்க. அதான் சொல்லுதுல்ல அந்தப் பொண்ணு. வாங்க, போலாம்." கொத்தமல்லிக் கட்டுக்குக் கூட கீரைக்காரரிடம் கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறவள் அவள். இங்கே என்ன திடீரென்று இவ்வளவு பெருந்தன்மை என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

விட்டுவிட்டு வரக்கூடிய போன் இல்லை அது. என் மகள் பிளஸ்ஸி மதுரையில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு வாங்கி அனுப்பியது. அவள் தனக்கென்று ஒரு துப்பட்டா கூட வாங்கிக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் அதில் வீடியோ காலில் வருவாள், நான் சாப்பிட்ட குழம்பு வரைக்கும் கேட்பாள். இந்தச் சனிக்கிழமை காலை ரயிலில் ஊருக்கு வருகிறாள். வருகிறவளிடம், நீ ஆசையாக வாங்கிக் கொடுத்ததை ஒரு மாதம் கூட வைத்திருக்க எனக்குத் துப்பில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அழமாட்டாள். சிரித்துக்கொண்டே இன்னொன்று வாங்கிவிடுவாள். அதுதான் எனக்குத் தாங்காது.

அந்த போனை நான் வைத்திருந்த லட்சணத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மழை தூறினால் என் தலையை விட்டுவிட்டு அதற்குத்தான் துண்டைப் போர்த்துவேன். குளியலறைப் பக்கம் கொண்டுபோனதே இல்லை. வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் ஞானசௌந்தரி ஜெப எண்ணெய் பூசாமல் விடமாட்டாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வாங்கி வருகிற எண்ணெய். பிரிட்ஜ், மிக்சி, ஸ்கூட்டர் எல்லாவற்றின் நெற்றியிலும் பூசியாகிவிட்டது. ஸ்கூட்டர் கைப்பிடியில் பூசி, நான் பெருங்களத்தூர் பாலத்தில் வழுக்கி விழப்பார்த்ததிலிருந்து, அவள் பூசினால் நான் பின்னாடியே போய்த் துணியால் துடைத்துவிடுவது வழக்கம். இந்த போனுக்கு மட்டும் கிட்டேயே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சமர்த்தாகத் தலையாட்டினாள். அவ்வளவு காபந்து பண்ணிய போன், ஒருநாள் சார்ஜ் ஏறமாட்டேன் என்றது, மறுநாள் உயிரை விட்டது.

அன்று வீட்டுக்கு வந்து இலவச எண்ணுக்கு அடித்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். ஒரு பையன் இந்தியில் வணக்கம் சொன்னான். தமிழ் என்றேன். "ஒன் மினிட் சார்" என்று புல்லாங்குழல் பாட்டைப் போட்டுவிட்டுப் போனான். எப்படியோ தமிழ் பேசுகிற ஒரு பெண் வந்து, புகாரைப் பதிவு செய்துகொண்டாள். நான் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் என் பழைய பட்டன் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. 'தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையில் மகிழ்ச்சியா?' அடப்பாவிகளா! மேஜை மேல் போன் பிணமாகக் கிடக்கிறது, பிரச்சினை தீர்ந்துவிட்டதாம்.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே போனேன். டோக்கன் கொடுத்தார்கள். அதன் ஓரத்தில் மஞ்சளாக எண்ணெய்க் கறை. வடை தின்ற கையோடு டோக்கன் கிழிக்கிறார்கள் போலிருக்கிறது என்று அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டேன். ஜீவிதா அதே சிரிப்போடு அதையே சொன்னாள். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், டை கட்டிய ஒருவர் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீட்டிங் தயிர்சாதத்தோடு என்று புரிந்துகொண்டேன்.

கிளம்பும்போதுதான் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். "சார், கம்பெனில இருந்து உங்களுக்கு கால் வரும். எங்க சர்வீஸுக்கு மார்க் கேப்பாங்க. ப்ளீஸ், பத்து குடுத்துடுங்க சார்."

"வேலையே செய்யாம பத்தா? ஒன்பது குடுக்கவா?"

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு முதல் தடவையாகக் காணாமல் போனது. "ஐயோ, ஒன்பது குடுத்தா ஜீரோ மாதிரி சார். மேனேஜர் சாருக்குத்தான் மெமோ வரும்."

அப்படியா சங்கதி! படியிறங்கும்போதே எனக்கு மனசுக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில் சாயங்காலம் ஞானசௌந்தரியின் போனில் பிளஸ்ஸி வந்தாள். "அப்பா எங்கம்மா? வீடியோ கால் போட்டா போகவே மாட்டேங்குது."

"குளிக்கிறாங்கம்மா."

"நேத்தும் குளிச்சாங்க. அதுக்கு முந்தின நாளும் இதே நேரத்துல குளிச்சாங்க. என்னம்மா, அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது…?"

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான், வாளியை எடுத்து ஒரு சத்தம் போட்டேன். என்ன பிழைப்பு இது என்று எனக்கே கேவலமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை. மறுநாள் பிளஸ்ஸி வந்துவிடுவாள். பீரோவைத் திறந்து என் கறுப்புக் கோட்டை எடுத்து உதறி மாட்டிக்கொண்டேன். பேட்ஜ் கிடையாது, ரயில்வேக்காரன் என்று யாரிடமும் சொல்லப்போவதும் கிடையாது. வெறும் கோட்டு. கோட்டுப் போடக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

"இந்த வேகாத வெயில்ல இது எதுக்கு?" என்றாள் ஞானசௌந்தரி.

"நீ பேசாம வா." கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

சர்வீஸ் சென்டர் நிரம்பி வழிந்தது. நான் உள்ளே போய், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் நின்று கையை நீட்டினேன். "டோக்கன்?"

ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. எடுத்துக் கொடுத்துவிட்டார். பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்தவர் நான் கேட்பதற்கு முன்பே பையில் துழாவ ஆரம்பித்தார். கறுப்புக் கோட்டுக்கு நம் ஜனங்கள் கொடுக்கிற மரியாதையே தனி. ஒருவர் டோக்கனோடு சேர்த்து சீசன் டிக்கெட்டையும் காட்டினார்.

"என்ன கம்ப்ளெயிண்ட்?"

"டிஸ்ப்ளே சார்."

"உட்காருங்க. உங்களுக்கு?"

"லிக்விட் டேமேஜ்ன்றாங்க சார். வாரண்டி வராதாம்."

"எழுந்திருங்க. லிக்விட் டேமேஜ் எல்லாம் இந்தப் பக்கம்!"

கொஞ்ச நேரத்தில் சுவரோரமாக ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. அதில் காக்கிச் சட்டையோடு ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார், பெயர் கதிரேசன். "இன்னா சார் அநியாயம் இது! போனுக்குள்ள தண்ணி பூந்துகீதாம். நான் ஆட்டோ ஓட்டிகினு கீறேனா, போட் ஓட்டிகினு கீறேனா? கேட்டா, ஈரம் பட்டா செவக்கிற ஸ்டிக்கர் உள்ள கீதாம், அது செவந்துகீதுன்றான். மெட்ராஸ் வேர்வைக்கு என் சட்டையே செவந்துகீது சார்!" அவருக்குப் பக்கத்தில் கோவிலம்பாக்கத்திலிருந்து வந்த ஜெயஸ்ரீ என்ற அம்மாள். "என் போன் ஹேண்ட்பேக்கை விட்டு வெளியவே வந்ததில்ல சார்" என்று கண்கலங்கினார். இன்னும் சிலர். எல்லோர் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தேன். ஓரத்தில் நின்ற ஓர் இளைஞன் மட்டும் தண்ணீர் கேனைத் தாஜ்மகாலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு டை கட்டியவர் வெளியே வந்தார். சின்ன வயதுதான். மேனேஜர் ஐசக் என்று கழுத்தில் அட்டை தொங்கியது.

"சார், நீங்க யாரு? இங்க கத்தக்கூடாது சார்."

"நான் கத்தலையே தம்பி. டோக்கன் செக் பண்றேன். உங்க மீட்டிங் முடிஞ்சுதா?"

ஜீவிதா சட்டென்று கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"இதோ பாருங்க தம்பி," என்றேன். "எங்க எல்லார் போனையும் எங்க கண்ணு எதிர்ல தொறந்து காட்டுங்க. உள்ள ஈரம் இருந்தா வாயை மூடிக்கிட்டு எழுந்து போறோம். இல்லன்னா மாத்திக் குடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, கம்பெனில இருந்து கால் வரும்போது இங்க இருக்கிற அத்தனை பேரும் ஒன்பது மார்க் குடுக்கிறோம்."

ஐசக் முகம் வெளுத்துவிட்டது. "ஒன்பதா!"

"ஒம்போது!" என்று கதிரேசன் குரல் கொடுத்தார். டிஸ்ப்ளே ஆட்கள் கூட, நமக்கு எதுக்கு வம்பு என்று நினைக்காமல், "ஒன்பது" என்றார்கள்.

வேறு வழியில்லாமல் ஐசக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி பொருத்திய மேஜையில் உட்கார்ந்தார். அதில் தெரிவது சுவரில் இருந்த டிவியிலும் தெரியும். "யாரோடது முதல்ல?"

"என்னோடது!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

ஞானசௌந்தரி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அந்த ஆட்டோக்காரரோடத முதல்ல பாக்கட்டுமே. பாவம், சவாரிக்குப் போகணும்."

"சும்மா இரு. பத்திரமா வச்சிருந்தா எப்படி இருக்கும்னு எல்லாரும் பாக்கட்டும்."

என் போனின் அடிப்பக்கம், சார்ஜ் போடுகிற ஓட்டை, டிவியில் ஒரு குகை மாதிரி பெரிதாகத் தெரிந்தது. உள்ளே பளபளவென்று ஏதோ மின்னியது. ஐசக் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டு எடுத்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"சார், இது தண்ணி இல்ல."

"பாத்தீங்களா!" நான் போட்ட சத்தத்தில் வரிசையே கைதட்டியது.

"எண்ணெய் சார்."

கைதட்டல் நின்றுவிட்டது. கதிரேசன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், போன்ல பஜ்ஜி போட்டியா?"

எண்ணெயா? என் போனிலா? மெதுவாகத் திரும்பி ஞானசௌந்தரியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் சிவப்பாகத் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று மாட்டியிருந்தது. அதைத் தாஜ்மகாலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவள், என் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தவள். அவளைத் தவிர ஊரில் உள்ள அத்தனை முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

"ஞானம்."

"ம்."

"டிக்கெட்டை எடு."

அவள் கட்டைப்பைக்குள் கையை விட்டு, குடைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து என் கையில் வைத்தாள். பாதிக்கு மேல் காலி.

"ரெண்டு சொட்டுதாங்க விட்டேன்."

"அந்த ஓட்டைக்குள்ளயா?"

"மேல பூசினா நீங்க துடைச்சிடுவீங்கல்ல? உள்ள விட்டா உங்களுக்குத் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம் சார்ஜ் ஏறலன்னு சொன்னீங்களா, அன்னிக்கு இன்னும் ரெண்டு சொட்டு விட்டு ஜெபம் பண்ணேன்."

ஐசக் எழுந்து எங்கள் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் உதட்டோரம் துடித்தது. "ஆன்ட்டி, வாசனை வரும்போதே எனக்குத் தெரியும். இந்த சென்டர் தொறந்த அன்னிக்கு எங்க அம்மா வந்து டோக்கன் மெஷினுக்குள்ள இதே எண்ணெயத்தான் ஊத்தினாங்க. இன்னிக்கு வரைக்கும் கறையோடதான் டோக்கன் வருது." பிறகு என் காதருகே வந்தார். "சார், யாருக்கும் சொல்ல வேண்டாம். நான் 'தூசி'ன்னு போட்டு இன்னிக்கே புது போன் மாத்திக் குடுத்துடறேன். நீங்க இந்த வரிசையை மட்டும் எப்படியாவது கலைச்சு விட்ருங்க."

உண்மையைச் சொல்கிறேன், நான் ஆடிப்போய்விட்டேன். புது போன், இன்றைக்கே. நாளைக் காலையில் ஸ்டேஷனில் பிளஸ்ஸி இறங்கும்போது சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒரு போட்டோ பிடிக்கலாம். குளிக்கவே வேண்டியதில்லை. வரிசையைப் பார்த்தேன். ஜெயஸ்ரீ அம்மாள் ஹேண்ட்பேக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றிருந்தார். நான் சொல்லித்தானே அந்தப் பக்கம் போய் நின்றார்கள்? என் மேல் இருந்த கோட்டு வேறு புழுங்கியது. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நான் ஒருவனிடமும் லஞ்சத்துக்குக் கைநீட்டியதில்லை.

"கேட்டுக்கோங்க," என்றேன் சத்தமாக. "என் போன்ல போனது எங்க வீட்டு எண்ணெய். கம்பெனி மேல தப்பில்ல. நான்தான் வித்தவுட். ரிப்பேருக்கு ஆகிற காசை நான் கட்டிடறேன். அடுத்தது கதிரேசன் போன், தொறங்க தம்பி."

கதிரேசன் போனைத் திறந்தார்கள். ஆட்டோப் புழுதியைத் தவிர ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஜெயஸ்ரீ அம்மாளுடையதில் புழுதி கூட இல்லை. ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க ஐசக் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, மாற்றிக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞனின் முறை வந்தபோது, ஆளைக் காணோம். என் போனைக் கழட்டிச் சுத்தம் செய்து, சார்ஜ் ஏறுகிற பாகத்தை மாற்றித் திங்கட்கிழமை தருகிறேன் என்றார் ஐசக். ஆக, ஊரில் எல்லோருக்கும் நியாயம் கிடைத்தது, என்னைத் தவிர.

சனிக்கிழமை காலை தாம்பரம் ஸ்டேஷனில் பிளஸ்ஸி இறங்கினாள். வெளியே கதிரேசன் ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தார், புது போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு. "ஏறு சார், முடிச்சூர்தானே" என்றார். ஆட்டோ கிளம்பியதும் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"பிளஸ்ஸி, நீ குடுத்த போன் கெட்டுப்போச்சும்மா. அதுக்குத்தான் தினம் குளிச்சேன். உங்கம்மா…" என்று ஆரம்பித்து எண்ணெய்க் கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். சிரிப்பாள் என்று பார்த்தேன், சத்தமே இல்லை. திரும்பினால், அவள் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு காம்பவுண்டுச் சுவர்.

"ஏய்! நீயுமா?"

"நான்தாம்ப்பா அம்மாகிட்ட சொன்னேன்," என்றாள், சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பூசி ஜெபம் பண்ணும்மா, அப்பாவுக்குத் தெரியாத இடமா பாத்துப் பூசுன்னு. ஆனா நான் ஒரு சொட்டுதாம்ப்பா சொன்னேன்."

"போனுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"

"போனுக்கா பூசச் சொன்னேன்? அங்க தனியா இருக்கேன். தினமும் உங்க முகம் அதுலதானே தெரியுது. அது நல்லா இருக்கணும்னுதான்."

கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. முன்னால் கதிரேசன் பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

திங்கட்கிழமை போன் உயிரோடு வந்தது. அன்று மத்தியானமே கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பத்துக்கு எவ்வளவு என்று ஒரு குரல் கேட்டது. ஐசக்கின் தயிர்சாதம் ஞாபகம் வந்தது, டோக்கன் மெஷினும் ஞாபகம் வந்தது. பத்தே கொடுத்தேன்.

போனை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், ஞானசௌந்தரி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். கண் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில். ஊருக்குக் கிளம்ப வைத்திருந்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பிளஸ்ஸியும் அதே காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும், ரெண்டு பேரும் பாத்தது," என்றேன். "கொண்டா அந்தக் குப்பிய. மேலயே பூசு. துடைக்க மாட்டேன்."